முப்பத்தைந்து பாஸ் மார்க் இல்லை

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுகிறேன், என் மருமகள் தனலட்சுமி எழுதுகிறாள். "நான் பேசுறத அப்புடியே எழுதிப்புடாத, புத்தகத்துல இருக்கிற மாதிரி அழகா எழுது" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நடுவில் அவளைப் பற்றியும் வரும். வெட்கப்பட்டுக்கொண்டு அந்த இடத்தை விட்டுவிடக்கூடாது என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

என் பெயர் பேச்சியம்மாள். விருதுநகர்ப் பக்கம். பேத்தி பிறந்தபோது குளிப்பாட்ட ஆள் வேண்டும் என்று டெல்லிக்கு வந்தவள், அப்படியே தங்கிவிட்டேன். என் மகன் முருகேசன் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் எலக்ட்ரீஷியன். மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ், இரண்டாவது மாடி. இங்கே வந்து காய்கறி வண்டிக்காரனிடம் பேரம் பேசிப் பேசியே இந்தி கற்றுக்கொண்டேன். என் இந்தியைக் கேட்டால் பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரிக்கட்டும். கொத்தமல்லி இன்றைக்கும் எனக்குத்தான் இனாமாக வருகிறது, அவளுக்கு வருவதில்லை.

வியாதி செருப்பில் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் மார்க்கெட்டில் கோல்கப்பா என்கிற பானிபூரி சாப்பிட்டு வயிறு கெட்டுப் போய்ப் படுத்திருந்தேன். அது சரியாகி எழுந்து நடமாடினால், செருப்பு காலில் நிற்கமாட்டேன் என்கிறது. நாலு எட்டு வைப்பதற்குள் கழன்று பின்னால் கிடக்கும். வார் தளர்ந்துவிட்டது என்று தெருமுனையில் செருப்புத் தைக்கிற மோச்சியிடம் இறுக்கித் தைக்கச் சொன்னேன். தைத்தான். மறுபடியும் கழன்றது. திரும்பப் போய், "என்னய்யா தச்ச?" என்று சண்டை போட்டேன். அவன் செருப்பைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தான். "அம்மாஜி, செருப்பு நல்லாத்தான் இருக்கு. உங்க கால் விரல் பிடிக்கல" என்றான். அவனைத் திட்டிவிட்டு வந்தேன். மறுநாள் பாத்ரூமில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. மாலையில் தோசையைப் பிய்க்க விரலில் பலமில்லை. இன்றைக்கும் அந்த மோச்சியைப் பார்த்தால் கும்பிடுகிறேன்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முருகேசன் ஒரு பக்கம், பக்கத்து வீட்டு பப்ளியின் புருஷன் ஒரு பக்கம், இரண்டு மாடியும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பப்ளி பஞ்சாபிக்காரி. "ஆராம் சே, ஆராம் சே", மெதுவா மெதுவா என்று அவள் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. கல்யாண ஊர்வலம் போனது போல் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ஆஸ்பத்திரியில் காத்திருப்பதுதான் பாதி வியாதி. பெஞ்சில், ஸ்ட்ரெச்சரில், வராந்தாவில், எங்கேயும் காத்திருப்புதான். முதலில் என்னை இறால் மாதிரி சுருட்டிப் படுக்க வைத்து முதுகெலும்பு நடுவில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். எலும்புக்குள் ஓடுகிற தண்ணீராம், அதில்தான் இந்த வியாதி தெரியுமாம். பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. அடுத்து காலிலும் கையிலும் கம்பி ஒட்டிக் கரண்ட் வைத்தார்கள். சுள்சுள்ளென்று இழுக்கும். நரம்பு வழியாகக் கரண்ட் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கிறார்களாம். "உம் புருஷன் எலக்ட்ரீஷியன், அவனக் கூப்பிட்டா டெஸ்டர வச்சே கரண்ட் போகுதா இல்லையான்னு சொல்லிருவானே" என்று தனத்திடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் நின்றாள்.

டாக்டர் வியாதிக்கு வெளிநாட்டுப் பெயர் ஒன்று சொன்னார். கில்லன் பாரே என்று தனம் எழுதுகிறாள், என் வாயில் அது நுழைவதில்லை. முருகேசன்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னான்.

"ஏம்மா, வயருக்கு மேல ரப்பர் இருக்குல்ல? அது மாதிரி நரம்புக்கு மேலயும் ஒரு உறை. வயித்துல வந்த கிருமிய அடிக்கிறேன்னு ஒன் ஒடம்புல இருக்கிற காவக்காரங்க கெளம்பி, ஆள் தெரியாம அந்த உறையப் போட்டுப் பிச்சுப்புட்டாங்க. அதான் கரண்ட் போக மாட்டேங்குது."

"கம்பி அறுந்து போச்சாடா?"

"அம்புட்டும் அறுகல. ரப்பர் திரும்ப வளரும்னு டாக்டர் சொல்றாரு. ஆனா மெதுவாத்தான் வளரும். எங்கெங்க கம்பியே கெட்டுச்சோ, அங்க கொஞ்சம் கொறை நின்னுரும்."

பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார்கள். ஊர்பேர் தெரியாத எத்தனையோ பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்தாம். அதைக் கேட்டதும், சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, யார் பெற்ற பிள்ளைகளோ, எல்லோரும் நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். விலை பற்றி என் காதில் விழாமல்தான் பேசினார்கள். ஆனால் முருகேசன் ஹெல்மெட் இல்லாமல் வந்து போக ஆரம்பித்ததும் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

பயம் மூச்சைப் பற்றித்தான். காலிலிருந்து ஏறுகிற பலவீனம் நெஞ்சு வரைக்கும் வந்தால் மெஷின் வைக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க வார்டில் இருந்த மலையாளத்து நர்ஸ், நான் சேச்சி என்று கூப்பிடுவேன், வரும்போதெல்லாம் ஒரே மூச்சில் எண்ணச் சொல்லும். எண்ணி எண்ணி எனக்கு அலுத்துவிட்டது. "நம்பர் வேணாம் சேச்சி, எங்க சொந்தக்காரங்க பேரச் சொல்றேன்" என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டுச் சரி என்றது. பெரியண்ணன், சின்னண்ணன், அண்ணன் பெண்டாட்டிகள், அவர்கள் பிள்ளைகள் என்று ஒரே மூச்சில் அடுக்குவேன். ஒரு நாள் சாயங்காலம் சின்னண்ணன் பெண்டாட்டியோடு மூச்சு நின்றுவிட்டது. சேச்சி முகத்தில் சிரிப்பு போய்விட்டது. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தது. அன்றைக்கு ராத்திரி பூராவும் கட்டிலுக்குப் பக்கத்தில் தனம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து என் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்பது எனக்குத் தெரியவே இல்லை. அவள் தோள் அசைவதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மெஷின் வைக்காமலே தப்பித்தேன். மெல்ல மெல்லப் பெயர்கள் கூடின. கொழுந்தன் பிள்ளைகளைத் தாண்டி மாமியார் பெயர் வரைக்கும் ஒரே மூச்சில் போன அன்றைக்கு சேச்சி கை தட்டியது. உயிரோடு இருந்தபோது என் மாமியார் பெயரைச் சொல்லி யாரும் கை தட்டியதில்லை.

வீட்டுக்கு வந்தேன். கை பெரும்பாலும் திரும்பிவிட்டது. பாதம் இரண்டும் வரவில்லை. தூக்கினால் தொங்கும். அதற்கு முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக் தாங்கி கட்டிவிட்டார்கள். வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸர்சைஸ் செய்ய வேண்டும். எக்ஸர்சைஸ் சொல்லித் தருகிறவரை இங்கே எல்லோரும் பையா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். கண்டிப்பானவர். "அம்மாஜி, வராம இருந்தா குதிகால் பின்னாடி இருக்கிற தசை இறுகிப் போகும். அப்புறம் கத்திதான்" என்று கையால் வெட்டிக் காட்டினார்.

ஆனால் எப்படிப் போவது? இரண்டு மாடி நாற்காலியில் இறங்க வேண்டும். ஆட்டோக்காரன் என்னையும் தாங்கியையும் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போவான். ஏற்றுகிறவனும் ஆஸ்பத்திரி கேட் வரைக்கும்தான். ஆட்டோ உள்ளே போகக்கூடாது. கேட்டிலிருந்து எக்ஸர்சைஸ் கட்டிடம் தொலைவு. சக்கர நாற்காலி ஒரு நாள் கிடைக்கும், நாலு நாள் கிடைக்காது. தனத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போய்ச் சேருவதற்குள் கால் செத்துவிடும். அப்புறம் என்ன எக்ஸர்சைஸ்? முருகேசனுக்கு லீவும் தீர்ந்துபோயிற்று. போவது குறைந்து குறைந்து, கடைசியில் நின்றே போய்விட்டது. குதிகால் இறுகுவது எனக்கே தெரிய ஆரம்பித்தது.

அப்போதுதான் முருகேசனுக்கு ஆபீஸில் ஒருவர் சொன்னார். அவர் அப்பாவுக்கு ஒரு கால் இல்லை. கை கால் ஊனத்துக்கு சர்க்கார் டாக்டர்கள் கூடிச் சோதித்து சர்ட்டிபிகேட் கொடுப்பார்கள். அதில் நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால், அந்த ஆள் பெயரில் வாங்குகிற வண்டிக்கு ரோடு டாக்ஸில் விலக்கு கேட்கலாம். ஓட்டுவது பிள்ளையாக இருக்கலாம், ஆனால் வண்டி அவர் பெயரில்தான், அவர் உபயோகத்துக்குத்தான். வரி இல்லையென்றால் ஆபீஸ் லோனுக்குள் சின்ன வண்டி ஒன்று அடங்கும். கண்ணாடியில் ஊனமுற்றோர் அடையாளம் ஒட்டிய வண்டியை ஆஸ்பத்திரிக் கட்டிடத்து வாசல் சரிவு வரைக்கும் விடுவார்கள்.

நான் முழுதாகக் கேட்கவில்லை. டாக்டர்கள் சோதிப்பார்கள், மார்க் போடுவார்கள் என்பது மட்டும்தான் காதில் ஏறியது. பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள் நான். என் வாழ்க்கையில் முதல் பரீட்சை! பாஸ் பண்ணிக் காட்டாமல் விடுவேனா?

சோதனைக்குப் போகிற அன்றைக்குப் பட்டுப்புடவை எடுக்கச் சொன்னேன். "எதுக்கு அத்தை? நோகுமே" என்றாள் தனம். "பெரிய டாக்டருங்க முன்னாடி நோயாளி மாதிரியா போறது?" என்று அவளை அடக்கினேன். அவள்தான் தாங்கிப் பிடித்து, கொசுவம் வைத்து, பின் குத்திக் கட்டிவிட்டாள். தாங்கியைக் கழற்றி அவள் பையில் போட்டேன். பட்டுப்புடவைக்குக் கீழே பிளாஸ்டிக் தெரிந்தால் நன்றாகவா இருக்கும்?

ஒரே கூட்டம். எங்கள் முறை வந்தபோது டாக்டர்களுக்கும் களைப்பு.

"கைசி ஹோ அம்மாஜி?"

எங்கள் ஊரில் இதற்கு ஒரே பதில்தான். எப்படி இருக்கே என்று பெரியவர்கள் கேட்டால் நல்லா இருக்கேன் என்று சொல்ல வேண்டும். முடியவில்லை என்று வாயால் சொன்னால் அந்த வார்த்தையே வந்து ஒட்டிக்கொள்ளும் என்பாள் என் ஆத்தா. "பில்குல் டீக்!" என்றேன், ரொம்ப நல்லா இருக்கேன் என்று.

படி ஏறுவீர்களா என்றார் டாக்டர். ஏறுவேன் என்றேன். நடந்து காட்டச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு, இடுப்பை ஆட்டி, காலை உயரத் தூக்கி வைத்து, மேஜை ஓரமாகவே நடந்தேன். சுவாமி ஊர்வலத்தில் பொய்க்கால் குதிரைக்காரன் நடப்பானே, அப்படி. சம்மணம் போட்டு உட்காருவீர்களா? உட்காருவேன். குளிப்பது, துணி உடுத்துவது? நானேதான். அவர் புடவையைப் பார்த்து, "இதுவும் நீங்களே கட்டுனதா?" என்று கேட்டார். தனம் எனக்குப் பின்னால் வாயைத் திறந்தாள். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டாள்.

"நானேதான்" என்றேன்.

வெளியே வந்து முருகேசனிடம், "எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிட்டேன்டா. ஒண்ணு விடல" என்றேன்.

சர்ட்டிபிகேட் வந்தது. முருகேசன் போனில் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

"எம்புட்டுடா?"

"முப்பத்தஞ்சு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அடி தனம், பாஸ்! முப்பத்தஞ்சு எடுத்தா பாஸுதான? நீ பத்தாவதுல கணக்குல முப்பத்தாறு வாங்குனதுக்கு உங்கப்பன் ஊருக்கே மிட்டாய் குடுத்தானாமே! ஏத்தா, சீனி எடு!"

யாரும் சீனி எடுக்கவில்லை. முருகேசன்தான் சொன்னான். "அம்மா, இது படிப்புப் பரீட்சை இல்லம்மா. நாப்பது வேணும். இதுல முடியாததுக்குத்தான் மார்க்கு. நீ முடியும் முடியும்னு சொன்னா அவங்க என்ன பண்ணுவாங்க? வண்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

பப்ளி வந்தாள். கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "பெயில் ஆக வேண்டிய பரீட்சையில பாஸ் ஆகிட்டு வந்திருக்கா என் அம்மாஜி!" அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மறுபடி கேளுங்க. இந்தத் தடவை சக்கர நாற்காலில கழுத்தச் சாய்ச்சுக்கிட்டுப் போங்க. எதக் கேட்டாலும் 'ஹாய் ஹாய்'னு முனகுங்க" என்று நடித்தும் காட்டினாள். நடிப்பு பிரமாதம். எனக்குச் சிரிப்பு வந்தது. தனம் மட்டும் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பின்னாலேயே சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன். "என்னடி, கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல அத்தை."

"பொறகு?"

பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க நடிக்கவும் வேணாம், முனகவும் வேணாம். காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்குற வரைக்கும் நம்ம வீட்டுல என்ன நடக்குதோ அத மட்டும் சொல்லுங்க. குளிக்க வைக்கிறது யாரு, புடவை கட்டுறது யாருன்னு... எல்லாம் நானேதான்னு சொல்லிட்டீங்கள்ல அத்தை. அப்ப நான் இந்த வீட்டுல என்னதான் பண்றேன்?"

சுவரைப் பிடித்துக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மறுபடி சோதிக்கச் சொல்லி முருகேசன் மனு போட்டான். கூப்பிட்டார்கள். நூல் சேலை, தாங்கி, கைத்தடி. வீட்டில் எப்படி இருப்பேனோ அப்படியே போனேன். இந்தத் தடவை ஒரு லேடி டாக்டர்.

"கைசி ஹோ அம்மாஜி?"

"டீ..." என்று வாய் அதுவாகவே ஆரம்பித்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்த வார்த்தையை உள்ளே தள்ளுவது கால் வலியை விடப் பெரிய பாடாக இருந்தது. பக்கத்தில் தனத்தைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியல டாக்டர்" என்றேன். தமிழில்தான் வந்தது. தனம் நிமிர்ந்து இந்தியில் சொன்னாள். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "இந்தச் சேலை இவ கட்டிவிட்டது. போன தடவை பட்டுப்புடவையும் இவதான் கட்டினா, நான் கட்டுனேன்னு சொன்னது பொய். குளிக்க வைக்கிறது இவ. பாத்ரூம்ல நாற்காலி போட்டு உட்கார வச்சு, வெளிய கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது இவ. சம்மணம் போட்டா எந்திரிக்க மாட்டேன். படி இறங்க ரெண்டு ஆம்பளைங்க வேணும். ராத்திரி தண்ணிக்கு எந்திரிச்சா அதுக்கு முன்னாடி இவ எந்திரிச்சு நிப்பா. இவ இல்லைன்னா நான் கட்டில விட்டு இறங்க மாட்டேன்." ஒவ்வொன்றையும் தனம் இந்தியில் சொன்னாள். "இவ" என்று வருகிற இடத்தில் எல்லாம் அவள் குரல் இறங்கிப் போயிற்று. "சத்தமாச் சொல்லுடி" என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

அப்புறம் அவர் எதையும் என் வாயை நம்பி எழுதவில்லை. தாங்கியைக் கழற்றி, பாதத்தை அமுக்கி, ஒவ்வொன்றையும் செய்யச் சொல்லிப் பார்த்தார். செய்ய முடிந்ததைச் செய்தேன். முடியாததை முடியாது என்றேன்.

ஐம்பத்தைந்து வந்தது. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. தனம்தான் சீனி டப்பாவோடு வந்தாள்.

அதற்குப் பிறகும் ஆர்.டி.ஓ ஆபீசில் அலைச்சல் இருந்தது. அதையெல்லாம் சொன்னால் தனத்துக்குக் கை வலிக்கும். ஒன்று மட்டும் மற்றவர்களுக்காகச் சொல்லச் சொல்கிறாள்: விதி மாறிக்கொண்டே இருக்கும், மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வண்டி வாங்குவதற்கு முன்னாலேயே உங்கள் ஊர் ஆர்.டி.ஓ ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். வாங்கிவிட்டுப் போய்க் கேட்டால் கஷ்டம். நான் சொல்வது வேறு. டாக்டர் கேட்டால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், என்னைப் போலக் குறைத்தும் சொல்ல வேண்டாம். உங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

வெள்ளை வண்டி. சின்னதுதான். எனக்குச் சொந்தமாக எதுவும் இருந்ததில்லை. நிலம் அப்பா பெயரில், அப்புறம் புருஷன் பெயரில். கேஸ் சிலிண்டர் கூட மகன் பெயரில்தான். இந்த வண்டி பேச்சியம்மாள் பெயரில். பதிவுக்கு நான்தான் கைநாட்டு வைத்தேன். இப்போது முருகேசன் சாவியை எடுத்தால், "யாரக் கேட்டு எடுக்குற?" என்பேன். "ஓனரம்மா, பெட்ரோல் போடப் போறேன்" என்பான். "ஜல்தி வா" என்பேன்.

முதல் நாள், முருகேசன் ஆபீசில் அரை நாள் பர்மிஷன் வாங்கி ஓட்ட, எப்போதும் போல நாற்காலியில் மாடி இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம். கேட்டில் அதே காவல்காரன், ஆட்டோவை விரட்டுகிறவன். கையைக் காட்டி நிறுத்தினான். "கிஸ்கீ காடி ஹை?", யார் வண்டி என்று முருகேசனைக் கேட்டான். நான் பின் சீட்டில் இருந்தேன். பொத்தானை அமுக்கி, அந்த விரலுக்கு இப்போது பலம் வந்துவிட்டது, கண்ணாடியை இறக்கினேன். "மேரி!" என்றேன், என்னுது என்று. அவன் என்னைப் பார்த்தான், கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்தான், குறுக்கே இருந்த கம்பத்தைத் தூக்கினான்.

மரங்கள், பெஞ்சுகள், நான் மூச்சு வாங்க உட்கார்ந்த கட்டைச் சுவர், எல்லாம் பின்னால் போயின. வண்டி சரிவுக்குப் பக்கத்திலேயே நின்றது. கால் களைக்காமல் உள்ளே போனது அன்றைக்குத்தான்.

எக்ஸர்சைஸ் பையா நிமிர்ந்து பார்த்தார். "அரே அம்மாஜி! எவ்வளவு நாளாச்சு! கைசி ஹோ?"

நான் தனத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"பைட்டோ, பதாதி ஹூன்" என்றேன். உட்காருங்க, சொல்றேன்.

இடது குதிகாலில் இருந்து ஆரம்பித்தேன்.